கேரள மூலிகை எண்ணெய் தேய்த்தால் முடி உதிர்வது நிற்குமா?

வயது 23, தலை வாரினால் கொத்தாக முடி வருகிறது, கேரள மூலிகை எண்ணெய் வாங்கலாமா, யாருக்காவது பலன் கிடைத்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆணா பெண்ணா என்று சொல்லவில்லை. விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண், காலைச் சாப்பாட்டை ஒரு டீயோடு முடித்துக்கொள்பவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆணாக இருந்தால் கடைசியில் உங்களுக்கும் சில வரிகள் இருக்கின்றன.

ஏன் உதிர்கிறது என்று தெரியாமல் எந்த எண்ணெயையும் வாங்காதீர்கள். இதுதான் என் பதில். மூலிகை என்றாலே ஏமாற்று என்று பேசுகிறவர்களோடு என்னைச் சேர்த்துவிட வேண்டாம். ஆண்டுதோறும் தலைக்கு எண்ணெய் காய்ச்சும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். எங்கள் வீடு பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் சாலையில் இருக்கிறது. வீட்டில் பேசுவது தமிழ். ரேஷன் அட்டை மலையாளத்தில். பொள்ளாச்சி, கோவைப் பக்கம் இருக்கும் உறவினர்களுக்கு நாங்கள் 'கேரளாக்காரர்கள்'. அதனால் ஒவ்வொரு விசேஷத்திலும் யாராவது என்னைத் தனியாக அழைத்து எண்ணெய் கேட்பார்கள்.

ஐப்பசி மழை ஓய்ந்து வாய்க்கால் ஓரம் பச்சை பிடித்த பிறகுதான் என் மாமியார் உருளியை எடுப்பார். வெள்ளைக் கரிசலாங்கண்ணிச் சாறு, அவுரி இலைச் சாறு, நெல்லிக்காய்ச் சாறு, தேங்காய்ப்பால், சொந்தத் தோப்புக் கொப்பரையைச் செக்கில் ஆட்டிய எண்ணெய். அரைத்த விழுது ஒரு பங்கென்றால் எண்ணெய் நான்கு பங்கு, சாறும் பாலும் சேர்ந்து பதினாறு பங்கு. ஆயுர்வேதத்திலும் பொதுக் கணக்கு இதுதான். வைத்தியசாலைகளில் விற்கும் நீலிபிருங்காதி எண்ணெயும் ஏறக்குறைய இதே வழியில் வந்தது. அதில் முடக்கத்தானும் ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் சேரும், குன்றிமணி வேரும் சேரும். குன்றிமணி விஷமுள்ளது. அதை வீட்டில் யாரும் தொட வேண்டாம்.

பதம் பார்ப்பதுதான் இதில் வித்தை. சிறு தீயில் நாள் முழுக்கக் கொதித்து, சாறெல்லாம் வற்றி, நுரை கட்டி வரும் நேரத்தில் மாமியார் அடியில் தங்கிய மண்டியைக் கரண்டி நுனியில் கொஞ்சம் எடுப்பார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து உருட்டுவார். அது திரியாகத் திரள வேண்டும். அந்தத் திரியைத் தணலில் போட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார். படபடவென்று பொரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அப்படியே இறக்கினால் சில வாரங்களில் எண்ணெய் காறிப்போகும். ஓசையில்லாமல் எரிந்தால் உடனே இறக்கி, சூடு ஆறுவதற்குள் துணியில் வடித்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் கருகிவிடும்.

இப்படிப்பட்டவர் தன் சொந்தப் பேத்திக்கு எண்ணெய் தர மறுத்தார். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்.

பேத்தி என்றால் என் நாத்தனார் மகள். கோவையில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தபோது பின்னல் பாதியாக மெலிந்திருந்தது. பையில் ஒரு பாட்டில். மேலே ஓடமும் தென்னையும் முழங்கால்வரை கூந்தல் விட்ட பெண்ணும். கைச்செலவுக்குக் கொடுத்த பணத்தை மிச்சம் பிடித்து வாங்கியிருக்கிறாள். மூன்றே வாரத்தில் புது முடி என்று அட்டையில் போட்டிருந்தது. அதை முடித்துவிட்டு அம்மாயியின், அதாவது என் மாமியாரின், எண்ணெய்க்கு வந்திருந்தாள்.

மாமியார் பாட்டிலைத் தொடவில்லை. "அம்மிணி, சீப்பை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வா" என்றார். சீப்பில் சிக்கியிருந்த முடிகளில் ஒன்றை இழுத்து, ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்ன மொட்டு. இன்னொன்று, இன்னொன்று என்று பார்த்தார், எல்லாவற்றிலும் மொட்டு. "முறிந்து விழவில்லை. வேரிலிருந்து கழன்று வருகிறது" என்றார். பிறகு அவளுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது.

"மாதம் எத்தனை நாள் போகிறது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்த பிறகு, "எட்டு நாள், சில மாதம் அதற்கும் மேல்" என்றாள்.

"உனக்கு எண்ணெய் கிடையாது. முதலில் போய் ரத்தம் பார்த்துவிட்டு வா."

நாத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் தருகிறீர்கள், என் மகளுக்கு மட்டும் இல்லையா என்று கேட்டுக் கண் கலங்கினார். மாமியார் அசையவில்லை. மறுநாள் நானே அவளைப் பொள்ளாச்சிக்கு அழைத்துப் போனேன். ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே ரத்தசோகை. உடலில் சேமிப்பாக இருக்க வேண்டிய இரும்புச்சத்தும் (பரிசோதனைச் சீட்டில் ஃபெரிட்டின் என்று இருக்கும்) தரைமட்டத்தில் இருந்தது. தைராய்டு பார்த்தார்கள், சரியாக இருந்தது. மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதினார். உதிரப்போக்குக்குத் தனியாகச் சிகிச்சை சொன்னார். மாத்திரை போடும் நேரத்தில் டீ, காபி கூடாது, நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள் என்றார்.

முடியின் கணக்கு நிதானமானது. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது எல்லாருக்கும் நடப்பது. உடம்புக்கு ஒரு பெரிய அதிர்ச்சி வந்தால், டெங்கு, டைபாய்டு, பிரசவம், பட்டினி கிடந்து எடை குறைப்பது, ரத்தசோகை எதுவாக இருந்தாலும், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகள் கூட்டமாக ஓய்வு நிலைக்குப் போய்விடுகின்றன. அவை விழுவது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். அதனால்தான் பலருக்குக் காரணமே நினைவுக்கு வருவதில்லை. காரணம் நீங்கினால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் உதிர்வது அடங்கும். புது முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். மூன்று வாரத்தில் கூந்தல் என்று எழுதுகிறவர்களுக்கும் இது தெரியும்.

எங்கள் பெண்ணுக்கும் அப்படித்தான் ஆனது. மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் சீப்பில் வருவது குறைந்தது. இரும்புச்சத்து ஏறியது என்று தெரிந்த பிறகு மாமியார் தன் கையால் ஒரு பாட்டில் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். இன்று அவள் தலையைப் பார்க்கிற உறவினர்கள் எல்லாரும், கேரளத்து எண்ணெயால்தான் வந்தது என்கிறார்கள். மறுத்துச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. தானாக அடங்கவேண்டிய உதிர்வு அடங்கும் நேரத்தில் கையில் எந்த எண்ணெய் இருக்கிறதோ அதற்குப் பெயர் போய்விடுகிறது. நீங்கள் கேட்டீர்களே, யாருக்காவது பலன் கிடைத்திருக்கிறதா என்று. இந்தத் தளத்தில் ஆம் என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேருடைய கதை இதுவாகத்தான் இருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை.

உங்கள் மாமியார் டாக்டரா என்று கேட்பீர்கள். இல்லை. தனக்கு எது முடியாது என்பது தெரிந்தவர். அதனால்தான் மருத்துவரிடம் அனுப்பினார். அலோபதிக்கு விளம்பரம் செய்கிறாள் என்றும் யாராவது எழுதுவார்கள். எழுதட்டும்.

அந்தப் பாட்டிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சேர்மானப் பட்டியலில் முதலில் இருந்தது லிக்விட் பாரஃபின், அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய். கரிசலாங்கண்ணியின் பெயர் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில். ஆயுர்வேத மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண் அட்டையில் இருந்தாக வேண்டும், அதில் இல்லை. நம் நாட்டின் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 'ஜே' அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. குணப்படுத்துவதாக மருந்துகள் உரிமை கொண்டாடக்கூடாத நோய்களின் பட்டியல் அது. அதில் வழுக்கையும் இருக்கிறது, புது முடி வளர்ப்பதும் இருக்கிறது. இருந்தும் எல்லைச் சாலைக் கடைகளில் அந்தப் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. எங்கள் மண்ணின் பெயரை ஒட்டி விற்பதைப் பார்க்க வயிறு எரிகிறது.

உண்மையில் எங்களுக்கே இப்போது கரிசலாங்கண்ணி கிடைப்பது பாடாக இருக்கிறது. அது ஈரத்தில் வளரும் செடி. தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி எங்கள் சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவுத் தடுப்பணையில் வந்து சேர வேண்டும். அது நேரத்துக்கு வரவில்லை என்று ஒவ்வொரு கோடையிலும் இங்கே போராட்டம், கொடுக்கக்கூடாது என்று தமிழ்நாட்டுப் பக்கம் போராட்டம். இரண்டு பக்கமும் எங்கள் சொந்தக்காரர்கள். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே கால்வாய்த் தண்ணீர் கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறை முதுமை அடைந்துவிட்டது. ஆழ்துளைக் கிணறுகளை நம்பித் தோப்புகள் நிற்கின்றன. மிச்சமிருக்கும் வரப்புகளிலும் களைக்கொல்லி அடித்துவிடுகிறார்கள். சந்தையில் கேட்டால் சாலையோரம் அழகுக்கு வளர்க்கும் மஞ்சள் பூக்கொடியைக் கட்டிக் கொடுத்து மஞ்சள் கரிசலாங்கண்ணி என்கிறார்கள். வெள்ளைப் பூ உள்ளதைக் கேளுங்கள். தண்டைக் கசக்கினால் சற்று நேரத்தில் விரல் கறுக்கும். கறுக்கவில்லையென்றால் வாங்காதீர்கள்.

எண்ணெய் எதற்கு உதவும் என்று கேட்டால், முடித்தண்டுக்கு. தேங்காய் எண்ணெய் தண்டுக்குள் இறங்கி, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. உங்கள் சீப்பில் இருப்பவை மொட்டு இல்லாத துண்டு முடிகளாக இருந்தால், அது முறிவு. இழுத்துக் கட்டுவது, சூடு வைத்து நேராக்குவது, உப்புத் தண்ணீர் எல்லாம் காரணமாகலாம். அங்கே எண்ணெய் நன்றாகவே உதவும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. அதனால் அரப்புத் தூளை வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்க்கிறோம். மலையாளிகள் செம்பருத்தி இலையைக் கசக்கி, தாளி என்று அவர்கள் சொல்லும் வழவழப்பான சாற்றை எடுத்துத் தேய்க்கிறார்கள். முடி மென்மையாக இருக்கிறது. அந்த மென்மையை முடி வளர்ச்சி என்று நான் சொல்லமாட்டேன்.

ஆணாக இருந்து, நெற்றி ஓரங்களில் ஏறிக்கொண்டோ உச்சியில் மெலிந்தோ போனால் அது பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்த விஷயம். கரிசலாங்கண்ணி அதைத் திருப்பிக் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. ரோஸ்மேரி எண்ணெயையும், முடி வளரத் தலையில் தடவும் மருந்தான மினாக்சிடிலின் 2 சதவீதக் கரைசலையும் ஒப்பிட்டு 2015இல் ஒரு ஆய்வு வந்தது; ஆறு மாதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றார்கள். ஆனால் அதில் பங்கெடுத்தவர்கள் 100 பேர்தான். தோல் மருத்துவரிடம் சீக்கிரம் போங்கள். இந்த வகையில் தாமதித்தால் போனது போனதுதான். வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது புழுவெட்டு. சின்ன வெங்காயச் சாறு தேய்க்கச் சொல்வார்கள். 2002இல் அதற்கும் ஒரு சிறிய ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. பலருக்கு அது தானாகவே முளைத்துவிடும் என்பதையும் சேர்த்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

நீங்கள் பெண்ணாக இருந்தால் நாளைக்கே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு மூன்றையும் பாருங்கள். மாதவிலக்கு தவறித் தவறி வந்தாலோ, முகத்தில் முடி அரும்பினாலோ அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்து, அதற்குப் பிறகும் எண்ணெய் வேண்டுமென்றால், உரிம எண் உள்ள வைத்தியசாலையில் நீலிபிருங்காதி கேளுங்கள். தேங்காய் எண்ணெயில் காய்ச்சியது, நல்லெண்ணெயில் காய்ச்சியது என்று இரண்டு உண்டு. எது உங்கள் உடம்புக்கு ஒத்துவரும் என்று அங்கிருக்கும் வைத்தியரே சொல்வார். எங்கள் வீட்டு எண்ணெய் கேட்டுத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம். நாங்கள் அதை விற்பதில்லை.