புதுக் கடையில் முதல் இலை

காரைக்குடி செக்காலை ரோடு, நூறடி ரோடு, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றித்தான் இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

நானும் வீட்டுக்காரரும் மாதம் இரண்டு முறை ஏதாவது ஒரு புதுக் கடைக்குப் போகிறோம். நாலைந்து வகை வாங்கினால் இருவரால் சாப்பிட முடியவில்லை. ஒன்றிரண்டோடு நிறுத்தினால் கடையின் தரம் பிடிபடவில்லை. முதல் தடவை என்ன வாங்கலாம்?
– வாசகி, கோட்டையூர்

முதல் தடவை மதியம் போங்கள். பன்னிரண்டரைக்கும் ஒன்றேகாலுக்கும் நடுவில் உட்கார்ந்தால், காலையில் கூட்டிய குழம்பு புளியும் காரமும் சேர்ந்து இறங்கியிருக்கும். மறுபடி மறுபடி சூடு காட்டி வற்றிப்போயிருக்காது. இரவில் பெரும்பாலும் பரோட்டா, கிரில், ஃப்ரைடு ரைஸ்தான். செட்டிநாட்டுச் சமையல் தெரிந்த கை உள்ளே இருக்கிறதா என்பது அவற்றில் தெரியாது.

இரண்டு சாப்பாடு, ஒரு பிளேட் உப்புக்கறி போதும். அசைவச் சாப்பாடு போடும் கடைகளில் கறிக்குழம்பு, மீன்குழம்பு, கோழிக்குழம்பு, ரசம், கூட்டு, பொரியல் எல்லாம் சாப்பாட்டோடு வந்துவிடும். தனியாகக் காசு கொடுக்காமலே ஆறு வகை பார்த்தாயிற்று. குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்று ஊற்றவிடாமல், சோற்றை மூன்று பங்காகப் பிரித்து வாங்குங்கள். மூன்றும் ஒரே ருசியாக இருந்தால், ஒரே மசாலாவைக் கரைத்து எல்லாவற்றிலும் ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உப்புக்கறியைச் சொல்லக் காரணம் உண்டு. அரைக் கிலோ ஆட்டுக்கறிக்கு இருபது இருபத்தைந்து சின்ன வெங்காயம், பத்துப் பன்னிரண்டு பல் பூண்டு, எட்டுப் பத்து வரமிளகாய், கொஞ்சம் மஞ்சள்தூள், உப்பு, மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய், அவ்வளவுதான். தக்காளி சேர்ப்பவர்களும் உண்டு. தேங்காயும் கிடையாது, மசாலாத்தூளும் கிடையாது. கறி பழசானாலும் எண்ணெய் பழசானாலும் மறைக்க வழியில்லை. மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட்டு எண்ணெயில் போடுவதால், காரத்தைவிட வாசனை முன்னால் நிற்கும். வெங்காயம் கரைந்து கறியோடு ஒட்டியிருக்க வேண்டும். தட்டின் ஓரத்தில் சிவப்புத் தண்ணீர் பிரிந்து, வெங்காயம் தனித்தனியாகக் கிடந்தால், குக்கரில் வெந்த கறியை மிளகாய்த்தூளில் பிரட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

செட்டிநாடு என்று பெயர் போட்ட எதைச் சாப்பிட்டாலும் ஒரே சிவப்பு, ஒரே காரம். அரைத்த மசாலாவா, பாக்கெட் மசாலாவா என்று சாப்பிடும்போதே கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், பள்ளத்தூர்

முடியும். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நம் சமையல் காரத்துக்குப் பேர் வாங்கியது அல்ல, மணத்துக்குப் பேர் வாங்கியது. சிவக்கச் சிவக்க எரிவதைச் செட்டிநாடு என்று விற்பது இந்த ஊர் ஆச்சிகளின் கைப்பக்குவத்துக்குச் செய்கிற அநியாயம்.

தட்டு வந்தவுடன் வாயில் வைக்காமல் மோந்து பாருங்கள். கல்பாசியின் மண்வாசனை போன்ற மணம், சோம்பு, மிளகு என்று மணம் ஒவ்வொன்றாகப் பிரிந்து வர வேண்டும். கல்பாசி சும்மா இருக்கும்போது அவ்வளவாக மணக்காது, சூடான எண்ணெயில் விழுந்தால்தான் மணம் திறக்கும். அதனால் தாளிப்பிலேயே அதைப் போட வேண்டும். பாக்கெட் பொடியைக் கடைசியில் தூவி இறக்கினால் பச்சை மல்லித்தூள் வாடையும் பட்டையின் இனிப்பு வாடையும்தான் மேலே நிற்கும். கல்பாசி கூடிப்போனால் கசக்கும். அரைக் கிலோ கோழிக்கு நகத்தளவில் இரண்டு துண்டு போதும், மராட்டி மொக்கு ஒன்று போதும்.

அடுத்து காரம். மிளகின் காரம் தொண்டையில் ஏறிக் கொஞ்சத்தில் இறங்கிவிடும். மிளகாய்த்தூளின் காரம் நாக்கிலும் உதட்டிலும் நின்று எரியும். மிளகுக் கோழி வாங்கி உதடு எரிந்தால் அதில் மிளகு குறைவு. அரைக் கிலோ கோழிக்கு இரண்டு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், ஒரு தேக்கரண்டி சோம்பு வறுத்து அரைத்தால், வரமிளகாய் நாலு போதும். மிளகைப் பொடித்து வைத்தால் மணம் நாளுக்கு நாள் குறையும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் மிளகாய்த்தூளைக் கூட்டுகிறார்கள்.

சாயமா என்று சந்தேகம் வந்தால் இதைச் செய்து பாருங்கள். ஒரு துண்டை எடுத்து, எண்ணெயை வழித்துவிட்டு, கொஞ்சம் தண்ணீரில் போடுங்கள். மிளகாயின் சிவப்பு எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்த் துளிகளோடு நின்றுவிடும். கடைகளில் சேர்க்கும் செயற்கைச் சாயங்கள் பெரும்பாலும் தண்ணீரில் கரைபவை. தண்ணீரே ஆரஞ்சாகவோ ரோஜா நிறமாகவோ மாறினால் அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். மஞ்சள்தூளால் லேசாக மஞ்சளித்தால் பயப்பட வேண்டாம்.

நாங்கள் ஏழு நண்பர்கள், இருவர் சைவம். ஆளுக்கு ஒன்று சொல்லி, பாதி மிஞ்சி, பில்லில் மனத்தாங்கல் வருகிறது.
– கல்லூரி மாணவர், காரைக்குடி

ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். முதல் சுற்றில் அசைவக்காரர் ஐந்து பேருக்கும் மூன்று பிரியாணி, ஒரு வறுவல், ஒரு குழம்பு வகை. இருபது நிமிடம் கழித்து, பசி எவ்வளவு மிச்சம் என்று பார்த்து ஆப்பமோ இடியாப்பமோ சொல்லுங்கள். பிரியாணி வாங்கும்போது அண்டாவின் மேல்சோறும் அடிமசாலாவும் கலந்து அள்ளச் சொல்வது முக்கியம். மேலே மட்டும் அள்ளினால் வெறும் சோறு. அடியிலேயே அள்ளினால் எண்ணெயும் உப்பும் தூக்கலாக இருக்கும்.

சைவ நண்பர்களுக்கு வெண்டைக்காய் மண்டி இருக்கிறதா என்று கேளுங்கள். அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்துச் செய்வது. அது பட்டியலில் இருக்கும் கடையில் சைவச் சமையலையும் மதித்துச் செய்கிறார்கள் என்று நம்பலாம். அவர்களை மேசையின் ஒரே பக்கத்தில் உட்காரவைத்து, “அண்ணே, இந்த ரெண்டு இலைக்கும் முதல்ல பரிமாறிருங்க, கரண்டி தனியா வேணும்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டு நடுவில் சொன்னால் பரிமாறுபவருக்கும் சிரமம். பில்லை சைவம், அசைவம், பொது என்று மூன்றாகப் பிரித்தால் மனத்தாங்கல் வராது.

புதுக் கடையில் வெள்ளைப் பணியாரம் சொல்லி அரை மணி நேரம் காத்திருந்தோம். இது சரியா?
– வாசகி, தேவகோட்டை

காக்கவைத்தார்கள் என்றால் அது நல்ல அடையாளம். வெள்ளைப் பணியாரத்தை எண்ணெயில் ஒவ்வொன்றாகத்தான் ஊற்றிச் சுட வேண்டும், சேர்த்து ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும். ஒரு ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேல் உளுந்தைக் கோபுரமாக நிற்கும் மட்டும் வைப்பதுதான் அளவு. ஊறவைத்து வெண்ணெயாக அரைத்து, புளிக்கவிடாமல் சுட வேண்டும். மாவு நீர்த்தால் எண்ணெய் குடிக்கும். கெட்டியானால் உப்பாமல் உருண்டையாகிவிடும். சுட்டு வைத்தது பத்து நிமிடத்தில் தொய்ந்துவிடும். ஓரம் மெல்லிசாக, நடு பஞ்சாக, நிறம் வெள்ளையாக வந்தால் காத்திருந்தது வீண் இல்லை. அடுத்த முறை உட்கார்ந்ததும் முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பாருங்கள்.

நண்டு மசாலா எப்போது வாங்கலாம்?
– வாசகர், புதுவயல்

நமக்குக் கடல் மீனும் நண்டும் தொண்டி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கமிருந்து வருபவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப் படகுச் சரக்கு மட்டும் கொஞ்சம் வரும், விலை ஏறும், ஐஸ் சரக்கும் கலக்கும். அந்த இரண்டு மாதம் புதுக் கடையில் நண்டைச் சோதிக்க வேண்டாம், காடையோ நாட்டுக்கோழியோ வாங்குங்கள். மற்ற மாதங்களில் ஓட்டை உடைத்ததும் சதை நார்நாராகப் பிரிந்து வர வேண்டும். மாவாகக் குழைந்து, மூக்கைக் குத்தும் வாடை அடித்தால் ஒரு வாய்கூட வைக்காதீர்கள்.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் போடுகிறார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?
– வாசகர், திருப்பத்தூர்

வேண்டியதில்லை. கேட்காமலே அதைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. எடுத்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். ஜிஎஸ்டி வேறு, சாதாரண உணவகங்களில் 5 சதவீதம். பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடையில் வாங்கிய கவுனி அரிசி (கறுப்பரிசி இனிப்பு) நறநறவென்று இருந்தது. அதன் இயல்பே அப்படியா?
– வாசகி, கானாடுகாத்தான்

இல்லை. ஊறல் போதாமல் போயிருக்கும், அல்லது அரிசி வேகும் முன்பே சர்க்கரை விழுந்திருக்கும். கவுனியின் தவிடு தடிமனானது. இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரிலேயே வேகவைத்து, விரலால் நசுக்கினால் மசிகிறதா என்று பார்த்த பிறகுதான் சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய் சேர்க்க வேண்டும். சர்க்கரை விழுந்த பின் எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் அரிசி மசியாது.