தாத்தா இருந்த கப்பல்: எந்த கிட் வாங்குவது?

கேள்வி: சார், என் தாத்தா கடற்படையில் ஸ்டோக்கராக (கொதிகலன் அறை வேலை) இருந்தவர். ஐஎன்எஸ் டில்லி என்ற குரூசரில் பல வருஷம் வேலை பார்த்தார் என்று அப்பா சொல்வார். அப்பாவுக்கு அடுத்த வருஷம் எழுபது நிறைகிறது, அந்தக் கப்பலையே பிளாஸ்டிக் மாடலாகச் செய்து கொடுக்க ஆசை. ஆன்லைனில் 'டில்லி' என்று தேடினால் எதுவும் வரவில்லை. அது 'லியாண்டர்' வகைக் கப்பல் என்று படித்து அந்தப் பேரைப் போட்டேன், ஏர்ஃபிக்ஸ் என்ற கம்பெனியின் கிட் (ஒட்டிச் செய்யும் பாகங்கள் அடங்கிய பெட்டி) ஒன்று வருகிறது. வாங்கிவிடலாமா? இதற்கு முன் மாடல் எதுவும் செய்ததில்லை.

பதில்: வாங்காதீர்கள். கார்ட்டில் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

பிரிட்டிஷ் கடற்படையில் லியாண்டர் என்ற பேரில் இரண்டு வகைக் கப்பல்கள் உண்டு. ஒன்று 1930களில் கட்டிய குரூசர்கள் (பெரிய பீரங்கிக் கப்பல்கள்), இன்னொன்று 1960களில் வந்த ஃபிரிகேட்டுகள் (அவற்றைவிடச் சின்னப் போர்க்கப்பல்கள்). ஏர்ஃபிக்ஸ் 1/600 ஸ்கேலில் (அசலில் 600ல் ஒரு பங்கு) போட்ட 'லியாண்டர்' இரண்டாவது ரகம். நம்முடைய பழைய ஐஎன்எஸ் நீல்கிரி, 1972ல் கடற்படையில் சேர்ந்ததே, அது இந்த ஃபிரிகேட் டிசைனில் கட்டியதுதான். உங்கள் தாத்தா நீல்கிரியில் இருந்திருந்தால் இன்றைக்கே ஆர்டர் போடுங்கள் என்றிருப்பேன். 1997ல் சேர்ந்த ஐஎன்எஸ் டில்லி என்ற டிஸ்ட்ராயரும் வேறு கப்பல், அந்தப் பேரில் ஏதாவது மாடல் கண்ணில் பட்டாலும் விட்டுவிடுங்கள்.

தாத்தா இருந்தது முதலில் 'அக்கிலீஸ்' என்ற பேரில் நியூசிலாந்து மாலுமிகள் ஓட்டிய கப்பல். 1939 டிசம்பர் 13ல் தென் அமெரிக்கக் கரையோரம் ஜெர்மனியின் கிராஃப் ஸ்பீ என்ற போர்க்கப்பலை மூன்று கப்பல்கள் சேர்ந்து மடக்கினவே, ரிவர் பிளேட் சண்டை, அந்த மூன்றில் ஒன்று இது. 1948ல் நம்மிடம் வந்து டில்லி ஆனது, 1978 வரை ஓடியது. கிட் பெட்டிகளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் பேர்தான் இருக்கும் என்பதால் 'அக்கிலீஸ்' என்றோ, கூடப்பிறந்த கப்பலான 'ஏஜாக்ஸ்' என்றோ தேடுங்கள். ஏர்ஃபிக்ஸ் 1/600 ஏஜாக்ஸ் பழைய அச்சு, பழைய கிட் விற்பவர்களிடம் பார்க்கலாம். புகைபோக்கி ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் அது ஆஸ்திரேலியாவுக்குப் போன பெர்த், சிட்னி, ஹோபர்ட் வகை, ஒட்டிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம் ஒரு விஷயம், இதை யாரும் பெட்டியில் எழுத மாட்டார்கள். கிட் என்பது ஒரு கப்பலின் ஒரு வருஷத்து உருவம்தான். ஏஜாக்ஸ் கிட்டில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நாலு டரெட் (பீரங்கிகளைத் தாங்கிச் சுழலும் கூடு) இருக்கும். அக்கிலீஸை 1943-44ல் இங்கிலாந்தில் பழுதுபார்த்தபோது பின்பக்கம் மேலே உட்கார்ந்திருந்த டரெட்டை எடுத்துவிட்டு அங்கே விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளை வைத்தார்கள். ஆகவே நம்மிடம் வந்தது மூன்று டரெட் கப்பல். முன்னாலிருந்து எண்ணினால் மூன்றாவதை ஒட்டாமல் விட்டுவிட வேண்டியதுதான், அந்த ஓட்டையை பிளாஸ்டிக் தகட்டால் மூடினால் போதும். கடல் விமானமும் அதை எறிகிற கட்டபுல்ட்டும் வேண்டாம். ஒற்றைக் கம்பமாக இருக்கிற மாஸ்ட்டுகளுக்குப் பதில் மூன்று கால் மாஸ்ட், அதற்கு ஸ்ப்ரூவை (பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம்) மெழுகுவத்தி மேல் காட்டி இழுத்தாலே மெல்லிய கம்பி கிடைக்கும். கொஞ்சம் தள்ளிப் பிடித்து இழுங்கள், தீக்குள் விட்டால் பிளாஸ்டிக் பற்றிக்கொள்ளும். இதெல்லாம் முதல் மாடலிலேயே முடியுமா என்றால் முடியும், ஆனால் அதற்கு முன் மலிவான சின்ன டிஸ்ட்ராயர் ஒன்றைச் செய்து கெடுத்துவிட்டு வாருங்கள். உங்களுக்கு ஒரு வருஷம் இருக்கிறது.

அளவைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அசல் கப்பல் சுமார் 169 மீட்டர். 1/600ல் 28 செ.மீ., 1/700ல் 24 செ.மீ., 1/350ல் 48 செ.மீ. வரும். போட்டோ எட்ச் என்கிற பித்தளைக் கைப்பிடிகள், ஏணிகள் எல்லாம் 1/700க்கும் 1/350க்கும்தான் அதிகம், 1/600க்குக் குறைவு. முதல் முறை என்பதால் அதைக் குறையாகவே நான் நினைக்கவில்லை. பித்தளைக் கைப்பிடியைக் கோணலாக ஒட்டுவதைவிட ஒட்டாமலே விடுவது நன்றாக இருக்கும்.

ஏர்பிரஷ் (காற்றால் பெயின்ட் தெளிக்கும் கருவி) வாங்காதீர்கள். நிப்பர், கத்தி, தண்ணி மாதிரி ஓடும் பிளாஸ்டிக் சிமென்ட், நைசான உப்புத்தாள், இடுக்கி, சாம்பல் நிற ஸ்ப்ரே கேன், இரண்டு பிரஷ், அவ்வளவுதான். கிட்டை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் (சுங்கவரியும் கூரியர்காரர் கூட வாங்கும் கட்டணமும் தனி, விலையைப் பார்க்கும்போதே கேட்டுவிடுங்கள்), ஆனால் ஸ்ப்ரேயும் சால்வென்ட் பெயின்ட்டும் தீப்பிடிக்கிற சரக்கு, விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அதை நாட்டுக்குள்ளேயே வாங்க வேண்டும். ரெசின் கப்பல் யாராவது காட்டினால் ஒன்று ஞாபகம் வையுங்கள், பிளாஸ்டிக் சிமென்ட் ரெசினை ஒட்டாது, சூப்பர் க்ளூதான். தேய்க்கும்போது தண்ணி தொட்டுத் தேயுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கேள்வி: தாத்தா எந்த வருஷம் கப்பலில் இருந்தார் என்று சரியாகத் தெரியவில்லை. அது அவ்வளவு முக்கியமா?

பதில்: டரெட்டுக்கு இல்லை, கொடிக்கு முக்கியம். 1950 ஜனவரி 26 வரை பிரிட்டிஷ் வெள்ளைக் கொடி, அதாவது சிவப்புச் சிலுவையும் மூலையில் யூனியன் ஜாக்கும். அன்றிலிருந்து சிலுவை அப்படியே இருக்க, மூலையில் மூவர்ணம். கிட்டோடு வரும் டிகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) எல்லாம் முதல் வகையாகத்தான் இருக்கும், நீங்களே அச்சடித்துக்கொள்ள வேண்டும். வீட்டு பிரின்டர் வெள்ளை அச்சடிக்காது, அதனால் கண்ணாடி டிகால் தாள் வாங்காமல் வெள்ளைத் தாளாக வாங்குங்கள். பழைய கிட்டில் வரும் டிகாலை நம்பவே வேண்டாம். நான் ஒருமுறை ஆசையாகத் தண்ணீரில் போட்ட டிகால் கண் முன்னாலேயே தூள் தூளாகப் போனது.

வருஷத்தைக் கண்டுபிடிக்க அலமாரியைக் கிளறுங்கள். பணி முடிந்தபோது கொடுத்த சான்றிதழ், பென்ஷன் ஆர்டர், போட்டோவின் பின்பக்கம். தொப்பி நாடாவில் எச்எம்ஐஎஸ் (பிரிட்டிஷ் மன்னர் பேரில் ஓடிய இந்தியக் கப்பல்) என்று இருந்தால் 1950க்கு முந்தைய படம். மாலுமிகளின் பணி ஆவணங்களைப் பார்க்கிற அலுவலகம் மும்பை மான்குர்தில் சீட்டா கேம்பில் இருக்கிறது, சர்வீஸ் நம்பரோடு அப்பா கையெழுத்தில் ஒரு கடிதம் போடலாம். அப்பாவிடம் இதையும் கேளுங்கள்: 1961 டிசம்பரில் தாத்தா கப்பலில் இருந்தாரா? கோவா விடுதலையின்போது டில்லி டையூ பக்கம் நின்றது. இருந்தார் என்றால் மாடலின் அடிப்பலகையில் எந்த வருஷத்தைப் போடுவது என்று யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி (இன்னொரு வாசகர்): ஆன்லைன் கடையில் வாங்கிய போர்க்கப்பல் கிட்டில் ஒரு முழு ஸ்ப்ரூ இல்லை. 'பெட்டியைத் திறந்தால் ரிட்டர்ன் கிடையாது' என்கிறார்கள்.

பதில்: திறக்காமல் எப்படித் தெரியும் என்று கேளுங்கள். குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அந்த வரியை அப்படியே எழுதி மெயில் அனுப்புங்கள். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய உதவி எண். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு கிட்டுக்காக அவ்வளவு தூரம் போவதற்கு முன் தயாரிப்பாளருக்கே எழுதிப் பாருங்கள், சில நிறுவனங்கள் விட்டுப்போன ஸ்ப்ரூவைத் தனியாக அனுப்புகின்றன. வீட்டு அலமாரியைக் காலி செய்கிற தனிநபரிடம் பழைய கிட் வாங்கியிருந்தால் இதில் பெரும்பாலானவை பலிக்காது. அவர்களிடம் பணம் அனுப்புவதற்கு முன்பே ஸ்ப்ரூ ஒவ்வொன்றையும் விரித்து வைத்துப் போட்டோ கேளுங்கள்.

கேள்வி (முதல் வாசகரே): கண்ணாடிப் பெட்டி கட்டாயமா?

பதில்: கட்டாயம். முடிந்தால் கிட் வாங்குகிற அன்றைக்கே அக்ரிலிக் பெட்டிக்கும் பணம் ஒதுக்குங்கள், 28 செ.மீ. கப்பலுக்கு உள்ளளவு 34 இருந்தால் போதும், உயரத்தை மட்டும் மாஸ்ட் ஒட்டிய பிறகு அளந்து கொடுங்கள். பெட்டி இல்லாவிட்டால் தூசி தட்டுகிறேன் என்று யாராவது துணியோடு வருவார்கள், முதலில் போவது அந்த மூன்று கால் மாஸ்ட்தான்.