நிலாவைச் சுத்திப் பெரிய வட்டம் வருதே, அது ஏன்? போன்ல படம் எடுக்க ஏலுமா?

ஏலும். ஆனா நான் முதல் எடுத்த வட்டம் வட்டமே இல்ல, அதை முதல்லயே சொல்லிடுறன். வெள்ளவத்தையில எங்கட பிளாட்ஸ், ஏசி அறைக்குள்ள கிடந்த கமராவைத் தூக்கிக்கொண்டு நேர மொட்டை மாடிக்கு ஓடினன், வெளிக்காத்து பட்டதும் லென்ஸ் வேர்த்துப் போச்சு, இருட்டுல நான் கவனிக்கேல்ல. படத்துல நிலாவைச் சுத்தி வடிவான ஒளி, பேமிலி குரூப்புல போட்டன், பெரியம்மா கும்பிடு எல்லாம் போட்டுட்டா. பிறகு மச்சான் ஒருத்தன் மட்டும் "கண்ணால பார்த்தியா?" எண்டு கேட்டான். பார்க்கேல்லத்தான்.

உண்மையான வட்டத்தைக் கண்டுபிடிக்கிறது லேசு. கையை நல்லா நீட்டி, விரலை விரிச்சு, பெருவிரல் நுனியால நிலாவை மறைங்க, சுண்டுவிரல் நுனி கிட்டத்தட்ட வட்டத்துல போய் முட்டும். அவ்வளவு பெரிசு. நிலாவுல இருந்து 22 பாகை, எப்பவும் அதே அளவுதான், இண்டைக்குச் சின்னன் நாளைக்குப் பெரிசு எண்ட கதையே இல்ல. நிலாவை ஒட்டி, மஞ்சளும் சிவப்புமா சின்னதா ஒண்டு தெரிஞ்சா அது வேற ஆள், அது தண்ணித்துளி மேகத்தால வாறது.

பெரிய வட்டத்துக்குக் காரணம் ஐஸ். கொழும்புல இரவு 28 பாகை வெக்கையில விசிறிக்குக் கீழ கிடந்துகொண்டு ஐஸைப் பற்றிக் கதைக்கச் சிரிப்பா இருக்கும், ஆனா எங்கட தலைக்கு மேலயும் 5 கிலோமீட்டர் அளவுல போனா பூச்சியம் வந்திடும், 10 கிலோமீட்டர்ல மைனஸ் 30க்கும் கீழ. அங்க மெல்லிய வெள்ளைத் துணி விரிச்ச மாதிரி ஒரு மேகம் பரவும், அது முழுக்கக் குட்டிக் குட்டி ஐஸ் துண்டு, பென்சில் மாதிரி ஆறு பக்கம். வெளிச்சம் ஒரு பக்கத்தால நுழைஞ்சு, அடுத்த பக்கத்தை விட்டுட்டு அதுக்கு அடுத்த பக்கத்தால வெளிய வரும், அப்பிடி வரேக்க குறைஞ்சது 22 பாகையாவது வளைஞ்சே ஆகவேணும். அதைவிடக் கூட வளையலாம், குறைய ஏலாது. அதாலதான் வட்டத்தின்ர உள்விளிம்பு கத்தியால வெட்டின மாதிரி இருக்கும், வெளிப்பக்கம் மெல்ல மங்கிப் போகும், உள்ளுக்குள்ள வானம் வெளியை விடக் கறுப்பாக் கிடக்கும். சிவப்புதான் ஆகக் குறைய வளையிற நிறம், அதால உள்விளிம்புல லேசாச் சிவப்பு ஏறும். என்ர வேர்வைப் படத்துல எல்லாம் தலைகீழ், நிலாக்குப் பக்கத்துலதான் ஆகக் கூட வெளிச்சம், போகப் போகக் குறைவு.

படம் எடுக்கிறதுல எல்லாரும் விடுற பிழை ஸூம் பண்றது. வட்டத்தின்ர முழு அகலம் 44 பாகை, நிலாவை வரிசையா 88 தரம் அடுக்கலாம். என்ர கமராவோட வந்த 18-55 மில்லிமீட்டர் லென்ஸை ஆக அகலமாக் காட்டுற 18ல வச்சாலே படத்தின்ர குறுகின பக்கம் 45 பாகைதான், நிலா நட்டநடுவுல இல்லாட்டி வட்டம் வெட்டுப்பட்டிடும். போன்ல அந்த 0.5 எண்ட அகல லென்ஸ் இருந்தா கவலையே இல்ல, ஒண்டுல வச்சாலும் கனபோன்ல மட்டுமட்டாக் கொள்ளும். நைட் மோட் போடுங்க, நிலாவுல மட்டும் விரலை வைக்காதீங்க, வச்சா நிலா வடிவா வரும் மற்றதெல்லாம் கறுப்பு. பக்கத்து மேகத்துல தொடுங்க, நிலா வெள்ளைப் பொட்டாப் போகட்டும், பரவாயில்ல. கமரா எண்டா ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்வு) 800, எஃப் (லென்ஸ் துவாரம்) 3.5, ஷட்டர் ரெண்டு செக்கன்ல தொடங்கிப் பார்த்துக் கூட்டிக் குறைங்க. போகஸைக் கையால நிலாவுல வச்சுப் பூட்டிடுங்க. முன்னால பில்டர் கிடந்தா கழட்டிடுங்க, இல்லாட்டி நிலா இன்னொண்டு பேய் மாதிரி மூலையில வந்து நிக்கும். ஏசியில இருந்த கமராவைப் பையோட வெளிய வச்சு அரை மணித்தியாலம் விட்டிட்டுத் திறங்க (இது எனக்கே நான் சொல்றது).

இன்னொண்டு, கொழும்புல முழுநிலாவை ஒட்டின நாள்ல நடுஇரவு நிலா கனதரம் உச்சிக்குக் கிட்ட ஏறிடும், ட்ரைபொட்டை அண்ணாந்து திருப்ப நாரி முறியும். போனை நிலத்துல மல்லாக்க வச்சு டைமர் போட்டா காணும். போயா இரவு நல்லம், முழு நிலா, அடுத்த நாள் லீவா இல்லையா எண்டுதான் பார்க்கவேணும்.

அம்மம்மா "எட்ட வட்டம் கிட்ட மழை" எண்டுவா. பாதிதான் சரி எண்டு நினைக்கிறன், ஒக்டோபர் நவம்பர்ல இடிமழை பெஞ்சு முடிஞ்ச மேகத்தின்ர தலை பரவியும் இங்க வட்டம் போடும், அப்ப மழை ஏற்கனவே எங்கயோ பெஞ்சு முடிஞ்சுது.

கடைசியாச் சரியா வந்த படத்துல நிலாவைத் தண்ணி டாங்க் பைப்புக்குப் பின்னால ஒளிச்சு எடுத்தனான், அப்பிடி மறைச்சா கூசாது, வட்டம் பளிச்செண்டு தெரியும். அம்மாட்டக் காட்டினன். "ஏன் பிள்ளை பைப்பைப் படம் எடுத்து வச்சிருக்கிறாய், ஒழுகுதா?" எண்டு கேட்டா.