கணினியை டிவியில் இணைத்தால் ஓரம் ஏன் வெட்டுப்படுகிறது?

எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்து, கணினியில் ரெசல்யூஷனை (திரையின் புள்ளி எண்ணிக்கை) 1920×1080 என வைத்த பிறகும் டாஸ்க்பார் பாதி மறைந்து, எழுத்து மங்கலாகத் தெரிகிறதா? இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். டிவி தானாகவே படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடுகிறது. பழைய குண்டு டிவிகளில் ஓரப் படம் ஒழுங்காக விழாது. போட்டோவின் கோணல் ஓரத்தைச் சட்டத்துக்குள் ஒளிப்பதுபோல அதை மறைத்த பழக்கம், தட்டை டிவியிலும் ஒட்டிக்கொண்டது. இப்படிப் பெரிதாக்கும்போது கணினி அனுப்பும் படத்தின் புள்ளிகள் டிவி திரையின் புள்ளிகளோடு ஒன்றுக்கொன்று பொருந்தாததால்தான் எழுத்து மங்குகிறது.

சரி, ரிமோட்டை எடுத்துப் படத்தின் அளவு மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’ என எது இருக்கிறதோ அதை வையுங்கள் (கம்பெனிக்கு ஒரு பெயர்!). விலை உயர்ந்த கேபிள் வாங்கினால் சரியாகும் என்பார்கள். கேபிளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.