வெள்ளை வேனில் வரும் இருவர்

மனநல நெருக்கடியில் இருப்பவர்களைத் தேடிச் செல்லும் நடமாடும் குழுக்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அத்தகைய குழு ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய சமூகப் பணியாளர் ஒருவர் பதிலளிக்கிறார்.

சமூகப்பணி படித்த என் மகள் அமெரிக்காவில் இப்படியொரு குழுவில் சேர்ந்திருக்கிறாள். ஆயுதமும் இல்லாமல், காவலர் துணையும் இல்லாமல், முன்பின் தெரியாதவர்களின் வீடுகளுக்கு நள்ளிரவில் போகிறாள் என்று அறிந்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. இந்த வேலையைக் காவல்துறையிடமே விட்டால் என்ன?
*– வாசகி, கோயம்புத்தூர்*

அம்மா, உங்கள் அச்சம் இயல்பானது. நான் வேலையில் சேர்ந்த முதல் வருடம் முழுவதும் என் தாயாரும் இதே கேள்வியைத்தான் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார்.

காவல்துறையிடம் விட்டுப் பார்த்த பிறகுதான் இந்தக் குழுக்கள் பிறந்தன. அமெரிக்காவில் 1963-இல் வந்த ஒரு சட்டம், பெரிய மனநல மருத்துவமனைகளுக்குப் பதிலாக ஊருக்கு ஊர் சமூக மனநல மையங்கள் அமைய வேண்டும் என்றது. மருத்துவமனைகள் காலியாயின, மையங்களோ திட்டமிட்ட அளவில் எழும்பவே இல்லை. இடையில் விடுபட்டவர்கள் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்கு நெருக்கடி வந்தால் 911 என்ற அவசர உதவி எண்ணை அழைப்பதும், துப்பாக்கியோடு காவலர் வருவதும்தான் வழி என்று ஆகிவிட்டது. மெம்ஃபிஸ் நகரில் 1987-இல், கையில் கத்தியுடன் நின்ற மனநோயாளி ஒருவரைக் காவலர்கள் சுட்டுக்கொன்ற பிறகு, காவலர்களுக்கே 40 மணி நேர மனநலப் பயிற்சி தரும் முறை அடுத்த ஆண்டில் தொடங்கியது. அது நல்ல முயற்சிதான். ஆனால் அச்சத்தில் நடுங்குபவரின் கண்ணுக்கு, பயிற்சி பெற்ற காவலரும் சீருடை அணிந்தவராகவே தெரிகிறார்.

ஓரிகனின் யூஜீன் நகரம் 1989-இல் வேறு வழியில் சென்றது. அங்கிருந்த ‘ஒயிட் பேர்ட்’ என்ற மருத்துவ மையம் நகர நிர்வாகத்துடன் சேர்ந்து ‘கஹூட்ஸ்’ என்ற சேவையைத் தொடங்கியது. ஒரு வெள்ளை வேனில் செவிலியர் அல்லது அவசர மருத்துவ உதவியாளர் ஒருவரும் நெருக்கடிப் பணியாளர் ஒருவரும் சாதாரண உடையில் செல்வார்கள். 2019-இல் வந்த சுமார் 24,000 அழைப்புகளில் காவலர் துணை கேட்கப்பட்டவை நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. அந்த அழைப்புகளில் கணிசமானவை, எப்படியும் காவலர் தேவைப்படாத நலம் விசாரிப்புகளும் போக்குவரத்து உதவிகளும்தான் என்று காவல்துறை பின்னர் சுட்டிக்காட்டியது. அதிலும் நியாயம் இருக்கிறது.

ஆபத்தே இல்லை என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஆயுதமோ வன்முறையோ இருப்பதாகத் தெரிந்தால் கட்டுப்பாட்டு அறை இந்தக் குழுவைத் தனியாக அனுப்பாது. வேனைத் திரும்பிப் போகும் திசை பார்த்து நிறுத்துவோம். கதவைத் தட்டிவிட்டு நேர் எதிரே நிற்காமல் ஓரமாக நிற்போம். உள்ளே போனதும் வெளியேறும் வழி அடைபடாமல் இருவரில் ஒருவர் பார்த்துக்கொள்வார். எங்கள் குழுவில் ஒரு கண்டிப்பான விதி இருந்தது: இருவரில் யார் “கிளம்புவோம்” என்றாலும், மற்றவர் காரணம் கேட்காமல் எழுந்துவிட வேண்டும். உங்கள் மகளின் குழுவில் இந்த விதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

வேனிலிருந்து இறங்கியதும் உண்மையில் என்னதான் செய்வீர்கள்? பேசியே ஒருவரைச் சரிசெய்துவிட முடியுமா?
*– வாசகர், திருநெல்வேலி*

பேசுவதற்கு முன்னால் உடம்பைப் பார்ப்போம். ஒரு குளிர்கால இரவில், கடை வாசலில் சட்டையில்லாமல் நின்று போவோர் வருவோரைத் திட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி அழைப்பு வந்தது. போதை என்று அழைத்தவர் முடிவு செய்துவிட்டார். நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தேன். என்னுடன் வந்த செவிலியர் அவரிடம் பொறுமையாக அனுமதி கேட்டு விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. பழச்சாறு கொடுத்துக் கால் மணி நேரம் உட்கார வைத்ததும், தான் எங்கே நிற்கிறோம் என்று அவரே எங்களைக் கேட்டார். முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தாலும் திடீரென்று பிதற்றல் வரலாம். குழுவில் மருத்துவம் தெரிந்தவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு அந்த இரவு ஒரு காரணம்.

அதன் பிறகுதான் பேச்சு. பெரும்பாலும் நாங்கள் கேட்போம். அவர் தரையில் உட்கார்ந்திருந்தால் நாங்களும் உட்காருவோம், வாக்கி டாக்கியின் ஒலியைக் குறைப்போம், ஒருவர் மட்டுமே பேசுவோம், கேட்காமல் தொடமாட்டோம். பக்கத்து வீட்டார் சுவர் வழியாக விஷப்புகை அனுப்புகிறார்கள் என்று நம்பிய ஒரு பெண்மணியின் சமையலறைத் தரையில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். புகை இல்லை என்று அவரிடம் வாதாடவும் இல்லை, இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. “எனக்கு அந்த வாடை தெரியவில்லை, ஆனால் மூன்று நாளாகத் தூங்காமல் காவல் இருந்திருக்கிறீர்கள், எவ்வளவு களைத்திருப்பீர்கள்” என்று மட்டும் சொன்னேன். களைப்பு என்ற அந்தச் சொல்லைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். கடைசியில், “ஆஸ்பத்திரிக்கு வேண்டாம், என் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள், அங்கே தூங்குகிறேன்” என்றார். அக்காவிடம் தொலைபேசியில் பேசி, மாத்திரைகளை எடுத்துக்கொண்டு, அவரை அங்கே விட்டு, மறுநாள் மருத்துவரைப் பார்க்க நேரமும் வாங்கினோம்.

நோய் அதனால் குணமாகிவிடவில்லை. அந்த இரவு கைவிலங்கு இல்லாமல், அவரது சம்மதத்தோடு கடந்தது. எங்கள் வேலை அவ்வளவுதான். ஓரிகன் சட்டப்படி ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகப் பிடித்துவைக்கும் அதிகாரம் காவலருக்கும், மாவட்ட மனநலத் துறை அதற்கென நியமித்தவர்களுக்கும் உண்டு, எனக்கு இல்லை. சேர்ந்த புதிதில் அதை ஒரு குறையாக எண்ணினேன். வற்புறுத்த முடியாதவன் என்று தெரிந்ததால்தான் மனிதர்கள் எனக்குக் கதவைத் திறந்தார்கள் என்பது பிறகு புரிந்தது. காவலர் ஒருவருக்கு அடுத்த அழைப்பு காத்திருக்கும். நாங்கள் தருவது முதன்மையாக நேரம்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பது, இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடாதா?
*– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்*

தூண்டாது. தெளிவாக, அமைதியான குரலில் கேளுங்கள். “அப்படியெல்லாம் எதுவும் நினைக்கவில்லையே?” என்று கேட்டால், “இல்லை” என்ற பதிலைக் கேட்பவரே ஊட்டிவிடுகிறார். இருக்கிறது என்று அவர் சொன்னால் பதறாமல், அறிவுரை சொல்லாமல் கேளுங்கள், தனியே விடாதீர்கள், தீங்கு செய்யக்கூடிய பொருள்களை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். அந்த ஆபத்தான வேகம் பலருக்குச் சில மணி நேரத்தில் தணியக்கூடியது. அந்த நேரத்தில் பூச்சிமருந்து கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும்.

நீங்கள் புகழும் யூஜீன் நகரிலேயே அந்தச் சேவை நின்றுவிட்டதாகப் படித்தேன். முன்மாதிரியே தோற்றுவிட்ட பிறகு மற்றவர்கள் ஏன் அதைப் பின்பற்ற வேண்டும்?
*– வாசகர், சென்னை*

ஆம். 2025 ஏப்ரலில், 35 ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிய அந்த வேன்கள் யூஜீனில் நின்றன. செய்தி வந்த அன்று நான் அழுதேன். நின்றதற்குக் காரணம் பணம். முறையில் பிழை இருந்ததாக நான் கருதவில்லை. நடமாடும் குழுக்களின் செலவில் 85 விழுக்காட்டை மூன்றாண்டுகளுக்கு, வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிக்எய்ட் என்ற அரசுக் காப்பீட்டின் வழியாக ஏற்பதாக அமெரிக்க மத்திய அரசு 2021-இல் சட்டம் இயற்றியது. பெரிய உதவிதான், ஆனால் காப்பீட்டில் வரும் பணம் ரசீதுக் கணக்கில் வருவது. நெருக்கடி என்று எழுதக்கூடிய சந்திப்புக்குப் பணம் கிடைக்கும். மழையில் நனைந்தவருக்குக் காலுறை கொடுத்துப் பெயர் கேட்டுவிட்டு வந்தால் கிடைக்காது. பல மாதங்கள் காலுறை வாங்கிய பிறகுதான் ஒருவர், “எனக்குக் குரல்கள் கேட்கின்றன” என்று வாய்திறக்கிறார்.

டென்வர் நகரம் 2020 ஜூனில் இதே பாணியில் தொடங்கிய ‘ஸ்டார்’ குழு, முதல் ஆறு மாதங்களில் 748 அழைப்புகளுக்குச் சென்றது. ஒருவர்கூடக் கைது செய்யப்படவில்லை. அந்தக் குழு இயங்கிய பகுதிகளில் சிறு குற்றப் புகார்கள் 34 விழுக்காடு குறைந்ததாக 2022-இல் ஓர் ஆய்வு கண்டது. ஆகவே முறை தோற்றது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

இந்தக் குழுக்களின் உண்மையான பலவீனம் வேறு. 2022 ஜூலை முதல் அமெரிக்கா முழுவதும் மனநல நெருக்கடிக்கு 988 என்ற எண்ணை அழைக்கலாம். சில ஊர்களில் குழுவும் வந்துவிடும். ஆனால் வந்த குழு அந்த மனிதரை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? மாலையில் மூன்று மணி நேரம் பேசிச் சம்மதிக்க வைத்து நான் அழைத்துப்போன ஒருவரை, மருத்துவமனை ஒன்று படுக்கையில்லை என்று விடியற்காலையில் வெறும் செருப்போடு தெருவுக்கு அனுப்பியது. அடுத்த முறை அவர் எனக்குக் கதவைத் திறக்கவில்லை. தங்க வைத்துக் கவனிக்க ஓர் இடம் இல்லாத ஊரில் வேன்களை மட்டும் வாங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். மாத்திரையை நிறுத்திவிட்டால் இரவில் பொருள்களை உடைக்கிறான். கட்டிப்போடுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். நம் ஊரில் நாங்கள் யாரை அழைப்பது?
*– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்*

கட்டிப்போடாதீர்கள், சகோதரி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயிலிருந்து தப்ப முடியாமல், 28 பேர் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 எந்த விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

நான் பணியாற்றியது போன்ற குழு உங்கள் வாசலுக்கு வரும் என்று இன்று உறுதி கூற இயலாது. ‘டெலி மானஸ்’ என்ற அரசுச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தம்பி அமைதியாக இருக்கும்போதே ஒருமுறை அழைத்து, நெருக்கடி வந்தால் செய்ய வேண்டியதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காயமோ விஷமோ உயிராபத்தோ என்றால் உடனே 108. அவசர நிலையில், உரிய நிபந்தனைகளுடன், எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரச் சட்டம் இடமளிக்கிறது என்பதால், மனநல மருத்துவர் இல்லை என்று யாரும் சொன்னால் திரும்பிவிடாதீர்கள். தம்பி வீட்டைவிட்டு வெளியேறி அலைந்து, காவலர்கள் அவரைப் பாதுகாப்பில் எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது அவர்கள் கடமை. லாக்கப்பில் அடைக்க அவர்களுக்கு அதிகாரமில்லை. இதைப் பணிவாக, ஆனால் சட்டத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

அந்த இரவில் வீட்டில் ஒருவர் மட்டும் பேசுங்கள், தொலைக்காட்சியை அணையுங்கள், வேடிக்கை பார்க்க வருபவர்களை அனுப்பிவிடுங்கள், அவருக்கும் கதவுக்கும் நடுவில் நிற்காதீர்கள். இன்றே ஒரு தாளில் அவரது மாத்திரைகளின் பெயரும் அளவும், மருத்துவரின் எண்ணும், முன்பு எதைச் சொன்னபோது அவர் தணிந்தார் என்பதும் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். கடைசியாகச் சொன்ன அந்த வரியைத் தம்பியிடமே கேட்டு எழுதுங்கள்.