எக்ஸிபிஷனுக்கு பெப்டைடு வேணாம் தம்பி, சர்க்கரைப் பாகு போதும்

குடியாத்தத்துல இருந்து பன்னெண்டாவது படிக்கிற தம்பி கேக்குறான்: "உயிருங்க எல்லாம் ஏன் இடக்கை அமினோ ஆசிட்டையே புரோட்டீன்ல வச்சிருக்கு, தன்னைத்தானே காப்பி எடுக்கிற பெப்டைடுதான் காரணமாமே, அத ஸ்கூல் எக்ஸிபிஷன்ல செஞ்சு காட்ட முடியுமா சார்?"

முடியாதுப்பா, அதுக்குன்னு தனி லேப் வேணும். ஆனா சார்ட்ல சரியா எழுதலாம். அமினோ ஆசிட்னா புரோட்டீனோட செங்கல் மாதிரி; அதுல பெரும்பாலானதுக்கு நம்ம ரெண்டு கை மாதிரி, ஒன்னு இன்னொன்னோட கண்ணாடி பிம்பமா ரெண்டு வடிவம் உண்டு, அதத்தான் இடக்கை, வலக்கைன்றோம். அமினோ ஆசிட்டுங்கள கோத்த சின்ன சங்கிலிதான் பெப்டைடு.

1996ல கலிஃபோர்னியா ஸ்க்ரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்துல ரேஸா காதிரிங்கிற விஞ்ஞானியோட குரூப்பு 32 அமினோ ஆசிட் நீளத்துல சுருளா ஒரு பெப்டைடு செஞ்சாங்க, அது 15, 17 நீளத்துல இருக்கிற ரெண்டு துண்ட தன் மேல பக்கம் பக்கமா படுக்க வச்சிகினு ஒட்ட வைக்கும், ஒட்டினதும் அதே 32தான், இப்ப அதுவும் அச்சா நின்னு அடுத்தத ஒட்டும். 2001ல இடக்கை வலக்கை துண்டுங்கள சரிசமமா கலந்து விட்டாங்க. முழு இடக்கை, முழு வலக்கை இது ரெண்டும்தான் மளமளன்னு பெருகுச்சு, கலப்படம் பின்தங்கிடுச்சு. நம்ம ஆம்பூர் ஷூ கம்பெனில இடது கால் லாஸ்ட் (ஷூ செய்யற கால் அச்சு) மேல வலது கால் அப்பர (ஷூவோட மேல் தோல) இழுத்தா உக்காருமா, அந்த கதைதான். ஒரே ஒரு அமினோ ஆசிட் கை மாறி இருந்தாக்கூட பிரிச்சு பாத்துடுது, எனக்கு அங்கதான் அசந்து போச்சு.

ஆனா ஒன்னு கவனி, வலக்கையும்தான் பெருகுச்சு. அப்போ இது கலப்படம் ஆகாம காப்பாத்துது, எந்த கைன்னு முடிவு பண்ணல. அதுக்கு வேற தள்ளு வேணும். 1969ல ஆஸ்திரேலியால விழுந்த மர்ச்சிசன் விண்கல்லுல சில அமினோ ஆசிட் இடக்கைல கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு, அங்கருந்து ஆரம்பிச்சிருக்கலாம்னு சிலர் சொல்றாங்க, முடிவான பதில் இன்னும் இல்ல.

செஞ்சு காட்ட: லேப்டாப்ல வெள்ளை ஸ்கிரீன் வை, போலரைஸ்டு கூலிங் கிளாஸ அதுக்கு நேரா பிடிச்சு இருட்டாகுற வரைக்கும் திருப்பு. நடுவுல கெட்டி சர்க்கரைப் பாகு ஊத்தின கண்ணாடி டம்ளர் வச்சா பாகு இருக்கிற இடம் மட்டும் வெளிச்சமாகும், லேசா கலர் கூட தெரியும். பக்கத்துலயே வெறும் தண்ணி டம்ளரும் வை, அது இருட்டாவே இருக்கும். ஸ்கிரீன்ல இருந்து வர்ற ஒளி ஒரே திசைல அதிரும், பாகு அந்த திசைய திருப்பி விடுறதாலதான் கண்ணாடி வழியா வெளிச்சம் வருது. கரும்பு ஒரே கை சர்க்கரை மட்டும் செய்றதாலதான் இந்த திருப்பம், ரெண்டு கையும் சமமா இருந்தா ஒன்ன ஒன்னு அடிச்சிடும்.

ஜட்ஜு ரெண்டு இடத்துல மடக்குவாங்க. கிளைசினுக்கு கையே கிடையாது. அப்புறம் எல் (L, அதாவது இடக்கை) அமினோ ஆசிட்னா ஒளிய இடப்பக்கம் திருப்பும்னு எழுதிடாத, எல் அலனின்ங்கிற அமினோ ஆசிட் தண்ணில வலப்பக்கம்தான் திருப்புது.