பசுமைத் தணிக்கை கட்டாயமா? அரசுப் பல்கலைக்கழகங்கள் என்ன செய்கின்றன?

நாகர்கோவில் பக்கக் கல்லூரிகளில் ‘பசுமைத் தணிக்கை’ (வளாகத்தின் மின்சாரம், தண்ணீர், குப்பை போன்றவற்றைக் கணக்கிட்டுச் சரிபார்ப்பது) என்று பேசுகிறார்களே, சட்டம் கட்டாயப்படுத்துகிறதா, அரசுப் பல்கலைக்கழகங்கள் என்ன செய்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறுவனங்களுக்கு இருப்பதுபோல் இல்லை. பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, 2022-23 முதல் நிலைத்தன்மை அறிக்கையைக் (சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய அறிக்கை) கட்டாயமாக்கியது பங்குச்சந்தையின் முதல் 1000 நிறுவனங்களுக்குத்தான். பல்கலைக்கழகங்களுக்கு நெருக்கடி வருவது, உயர்கல்வி நிறுவனங்களைத் தரம் பார்க்கும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீட்டிலிருந்து. அதன் 1000 மதிப்பெண் முறையில், நிறுவன விழுமியங்களும் சிறந்த நடைமுறைகளும் என்ற ஏழாவது அளவுகோலுக்கு 100 இருந்தது. மழைநீர் சேகரிப்பு, சூரிய மின்சாரம், கழிவு மேலாண்மை, தணிக்கைச் சான்று எல்லாம் அதற்குள் வந்தன. அப்புறம் பல்கலைக்கழகங்களின் நிலைத்தன்மையைப் பார்க்கும் உலகத் தரவரிசைகள்: 2010இல் இந்தோனேசியாவில் தொடங்கிய கிரீன்மெட்ரிக், 2019இல் வந்த டைம்ஸ் இம்பாக்ட்.

குமரி மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. ஆனால் நாக்குக்கான ஆவணங்களை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகத்தான் தயாரிக்க வேண்டும். அதனால் ‘என்ன செய்கிறீர்கள்’ என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ஆவணமாகவே வருகிறது.

இங்கே ஒரு கல்லூரியில் அந்தக் கோப்பு வேலையை நானும் செய்திருக்கிறேன். மழைநீர்த் தொட்டியை இடக்குறியோடு போட்டோ எடுத்தோம். மின்கட்டண ரசீதுகளை வரிசையாக அடுக்கினோம். தண்ணீர்க் கணக்கு என்று வந்தபோது கையைப் பிசைந்தோம். கிணற்று மோட்டாரில் மீட்டரே இல்லை. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் தண்ணீரை அளக்காமல் இருந்தது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

உங்கள் கல்லூரி அறிக்கையைப் பார்த்தால் போட்டோக்களை விடுங்கள். மின்சார யூனிட், தண்ணீர் லிட்டர், குப்பை கிலோ, மூன்றும் ஆண்டுவாரியாக இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.